சுவிட்சு இன்னும் எலவனாசூர்கோட்டையில்தான் நிற்கிறது

— யம்மா கொளஞ்சி, அந்தச் செவப்புப் பட்டன்ல மட்டும் கைய வெச்சிராத.

— யப்பா, நான் இன்னும் ஒண்ணுத்துலயும் கைய வைக்கல. ஹெட்போன மாட்டிக்கினு இப்பிடிக் கத்துனா என் காது கிழியுது.

— கத்தல. சும்மா சொன்னேன்.

— பைலட்டு நானா, நீயா?

— நீதான். கரும்பு லாரி ஓட்டுற பிச்சமுத்து பொண்ணு இன்னிக்கி மொதமொத கேப்டனா ஏரோப்ளேன் எடுக்குதுன்னு நைனார்பாளையம் கடத்தெருவுல சொல்லாத ஆளு பாக்கி இல்ல.

— அப்ப கேப்டன் சொல்றதக் கேளு. வெதப்பந்து மூட்டையத் தள்ளிவுடற ஆளு காய்ச்சல்னு படுத்துக்கினான், அந்த எடத்துக்குத்தான் உன்ன ஏத்திக்கினேன். மலை வந்ததும் பின்னால போயி மூட்டையப் பிரிச்சுக் கொட்டணும். அது வரைக்கும் கையக் கட்டிக்கினு ஒக்காரு. உன் முன்னாடி இருக்குதே பிடி, அதுல ஒரு கருப்புப் பொத்தான் இருக்கு பாரு, அதத் தொடாத. அமுக்குனா நீ பேசறது ரேடியோவுல ஊருக்கே கேக்கும்.

— தொடல. இப்ப இன்னா பிரச்சன உனக்கு?

— சக்கரம் மேல மடங்க மாட்டேங்குது. லீவரு நவுரல.

— நவுரலன்னா வுடேன். நாங்கல்லாம் சக்கரத்தத் தூக்கிக்கினா லாரி ஓட்டுறோம்?

— லாரி ரோட்டுல போவுது. இது காத்துல போவுது. மூணு சக்கரமும் தொங்கிக்கினு இருந்தா காத்து புடிச்சி இழுக்கும். பின்னால மூட்டை பாரம் வேற. எதிர்ல பாரு, கல்வராயன் மலை. இதே வேகத்துல ஏறுனா வெள்ளிமலைய மேலேருந்து பாக்க மாட்டோம். பக்கவாட்டுல பாப்போம்.

— திரும்பிடலாமே.

— மொத நாளே மூட்டையோட திரும்பிப் போயி நின்னா, பொண்ணுக்குப் பழக்கம் பத்தலன்னு வண்டியப் புடுங்கிடுவாங்க. மறுபடியும் பக்கத்து சீட்டுல மேப்ப மடியில வெச்சிக்கினு ஒக்காரணும். அந்த சீட்டுலயே நாலு வருஷம் தேச்சாச்சு. முடியாது. வெதயக் கொட்டிட்டுத்தான் எறங்குவேன்.

— கொளஞ்சி மேடம், தங்கதுரை பேசறேன். கீழ எலவனாசூர்கோட்டை ஓடுதளத்துல என் ஏரோப்ளேனோட நிக்கறேன். இன்னா மேடம், இன்னும் கால நீட்டிக்கினே போறீங்க? மடக்க மறந்துட்டீங்களா? ஓவர்.

— மறக்கல சார். லீவரு வரல. பாத்துக்கினு இருக்கேன். ஓவர்.

— சிம்பிள் மேடம். பக்கத்துல செவப்பா ஒரு பட்டன் இருக்கும். அமுக்குங்க, லீவரத் தூக்குங்க, போய்க்கினே இருங்க. யோசிக்கறதுக்குன்னு கம்பெனியில மேனேஜரு தனியா இருக்காரு. ஓவர்.

— யாரு, அந்த இன்னொரு வண்டி கேப்டனா? நல்ல தம்பி. காலையில அவரு இட்லியில பாதிய எனக்குக் குடுத்தாரு. அவருக்குப் பொண்ணு பொறந்து மாசங்கூட ஆவல. போன்ல காட்டுனாரு. ஆனா ஒவ்வொரு வாட்டியும் கடைசியில எதுக்கு ஓவரு ஓவருன்றாரு?

— பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம். நீயும் சொல்லலாம்.

— நான் இன்னும் முடிக்கல. அந்தப் பட்டன் இன்னா பண்ணும்?

— சொன்னா சும்மா இருப்பியா?

— இருப்பேன்.

— வண்டி தரையில நிக்கறப்ப பாரம் பூரா சக்கரத்துக் கால் மேல இருக்குது. கால் அமுங்கும். அங்க வெரல் தண்டிக்கு ஒரு சுவிட்சு வெச்சிருக்கான். கால் அமுங்குனா அதுவும் அமுங்கும். அது அமுங்கியிருக்கற வரைக்கும் லீவரு பூட்டுனாப்புல நிக்கும். எவனாச்சும் கைதவறி தரையிலயே சக்கரத்தத் தூக்கிட்டா வண்டி வயித்தால படுத்துருமில்ல? அதுக்குத்தான் இந்தக் காவல்.

— மேல வந்தா?

— பாரம் போயிரும், கால் நீளும், சுவிட்சு வுட்டுரும், லீவரு வரும். இப்ப நாம வானத்துல இருக்கோம். ஆனா அந்த சுவிட்சு இன்னும் எலவனாசூர்கோட்டையிலதான் நிக்கறதா நெனச்சிக்கினு இருக்குது.

— நெனச்சிக்கினு போவட்டும். யாருக்கு நஷ்டம்?

— நமக்குத்தான். இந்த செவப்புப் பட்டன அமுக்குனா, சுவிட்சு சொல்றதக் கேக்காத, கேப்டன் சொல்றதக் கேளுன்னு வண்டிக்கி உத்தரவு.

— வாட்ச்மேனத் தள்ளிட்டு உள்ள போற மாதிரி.

— அதேதான்.

— வாட்ச்மேன் எதுக்கு நிறுத்துனான்னு கேக்காம போவலாமா?

— யப்பா, போன வாரம் டோல்கேட்டுல வாட்ச்மேன் மேலயே வண்டிய ஏத்தப் பாத்த ஆளு நீ.

— அது வேற வாட்ச்மேன்.

— மூக்கு மேல ஏன் வேர்க்குது உனக்கு? பயமா இருக்குதா?

— எனக்கு இன்னா பயம்? ராவுகாலம்னு சொல்ல வந்தேன்.

— செவ்வாக்கெழம ராவுகாலம் சாயங்காலம் மூணு மணிக்கி. இஞ்சின் சூடு ஏறிக்கினே போவுது, இனிமே வளத்த முடியாது. அமுக்கறேன்.

— யம்மா, வேணாம்! கயிறு இருக்குது!

— இன்னா கயிறு?

— காலையில சக்கரத்துல மஞ்சத்துணி சுத்தியிருந்துச்சே, நீ பாக்கல?

— பாத்தேன். கெளம்பறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி வந்து ஒண்ணொண்ணையும் தொட்டுப் பாக்கணும், அது ரூலு. உன் மஞ்சத்துணி வந்ததும் சாமிக்கி முடிஞ்சதாச்சேன்னு தொடாம வந்துட்டேன். நீதான் மலையேறுற லாரி எதுக்கும் கட்டாம வுடமாட்டியே.

— மேலதான் மஞ்சத்துணி. உள்ள நைலான் கயிறு.

— நைலானு எந்த சாமிக்கி?

— லோடு கட்டுற கயிறும்மா. லோடு முடிச்சுதான் போட்டேன். ஆட ஆட இறுகும்.

— எதுல கட்டுன?

— அந்த வெரல் தண்டி சுவிட்சுலதான். அமுங்குனாப்புலயே கெடக்கட்டும்னு. துணி சுத்துனா எவனும் அவுக்கமாட்டான்னு தெரியும். சாமி மேல எவன் கைய வைப்பான்?

— அங்க சுவிட்சு இருக்குதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?

— நேத்து மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் குடுத்தேன். நீ இப்ப சொன்னதெல்லாம் அவன் நேத்தே சொல்லிட்டான்.

— எல்லாந் தெரிஞ்சிக்கினா இவ்ளோ நேரம் "மேல வந்தா?"ன்னு கேட்டுக்கினு இருந்த?

— நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு.

— ஏம்பா இப்பிடிப் பண்ண?

— போன்ல ஒரு வீடியோ பாத்தேன்மா. ஒரு ஏரோப்ளேன் ஏறுறப்ப சக்கரத்த மடக்கிக்கிச்சு, எறங்கறப்ப வரல. வயித்தத் தேச்சிக்கினே போவுது, நெருப்பு பறக்குது. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. மடக்குனாத்தான வராமப் போவும்? மடக்கவே வுடலன்னா? கணக்கு சரியாத்தான இருக்குது?

— கணக்கு ரொம்ப சரி. கயித்துல வாலு எவ்ளோ வுட்ட?

— ஒரு மொழம். எறங்குனதும் அவுக்கறதுக்கு வசதியா.

— நான் பட்டன அமுக்கியிருந்தா அது உன் சுவிட்ச மதிக்காது. கால் மடங்கிக் குழிக்குள்ள போயிருக்கும், ஒரு மொழம் கயித்தோட. உள்ள இருக்கற கொக்கியில அது சுத்திக்கும். அப்பறம் எறங்குன்னா கால் எறங்குமா? நீ பாத்த வீடியோவ நாமளே எடுத்திருப்போம்.

— அத மெக்கானிக்கு சொல்லல.

— ஒரு டீக்கி அவ்ளோதான் சொல்லுவான்.

— சரிம்மா, தப்புதான். திரும்பிடு. கால்ல வுழுந்தாச்சும் மேனேஜருகிட்ட நான் பேசிக்கறேன்.

— திரும்பறதா? வெதயக் கொட்டிட்டுத்தான் எறங்குவேன்னு சொன்னேனா இல்லியா?

— இந்தச் சக்கரத்தோடயா?

— சக்கரம் பாட்டுக்குத் தொங்கட்டும். நேரா ஏறுனாத்தான் மலை இடிக்கும். உன் லாரி மலைமேல நேராவா ஏறுது?

— நேரா எப்பிடி ஏறும்? கொண்டை ஊசி வளைவுல சுத்திச் சுத்தித்தான்.

— நானும் அப்பிடித்தான் ஏறப் போறேன். கோமுகி அணைக்கி மேல வட்டம் அடிச்சி அடிச்சி. மொதல்ல அடிவாரச் சரிவுல ரெண்டு மூட்டையக் கொட்டிடு, அங்கயும் மரம் மொளைக்கட்டும். பாரம் கம்மியாவும். நேரம்தான் ஜாஸ்தி ஆவும்.

— ஃபர்ஸ்டு கியர்ல ஏத்தறாப்புல. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கயிறப் பத்தி வாயத் தொறந்திருக்கவே மாட்டேன்.

— இனிமே தொறக்காத. சுவிட்சு பழுதுன்னு சொல்லிக்கறேன். எறங்குனதும் நீ மொதல்ல குதிச்சி ஓடிப்போயி கயிற அவுத்துரு. சாமி கயிற அவுக்கறன்னு நெனச்சிக்குவாங்க. நீ கட்டுனது தெரிஞ்சா நான் சரியாப் பாக்காம எடுத்ததும் தெரிஞ்சிரும். அப்பறம் பக்கத்து சீட்டுகூட இல்ல.

— உசுரே போனாலும் பேசமாட்டேன்.

— தங்கதுரை சார், கொளஞ்சி. எங்க வண்டியில சுவிட்சு பழுது. பட்டன் அமுக்கல. சக்கரத்தோடயே அணை மேல சுத்தி ஏறுறேன். ஓவர்.

— தொங்கவுட்டுக்கினா? மாட்டுவண்டி மாதிரியா? சுவிட்சு பழுதுக்குத்தான மேடம் பட்டன வெச்சிருக்கான்! சரி, நானும் கெளம்பறேன். எப்பிடின்னு பின்னாலயே வந்து காட்டறேன். ஓவர்.

— காட்டட்டும். யப்பா, அணை தெரியுது பாரு. எழுந்திரிச்சி பின்னால போ, மொத மூட்டையப் பிரி.

— அந்தத் தம்பியும் கெளம்புறாரா?

— ஆமா. அவருக்கும் மூட்டை ஏத்தியிருக்குது இல்ல. ஏன் இன்னும் ஒக்காந்துக்கினு இருக்க? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு?

— அவரு இன்னிக்கி வண்டிய எடுக்கலன்னுல்ல நெனச்சேன். நாளைக்குத்தான்னு மெக்கானிக்கு சொன்னான்.

— அவரு எடுத்தா உனக்கு இன்னா?

— கொளஞ்சி மேடம், நானும் மேல வந்துட்டேன். இன்னா மேடம் இது, உங்க வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு! என் லீவரும் வரமாட்டேங்குது. பரவால்ல, சிம்பிள். ஓவர்.

— யப்பா. அந்த வண்டிக்கும் கட்டுனியா?

— பெத்த பொண்ணு வண்டிக்கி மட்டும் கட்டுனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?

— சார்! தங்கதுரை சார்! பட்டன்லேருந்து கைய எடுங்க, அமுக்காதீங்க! ஓவர்!

— ஏன் மேடம்? சுவிட்சு பழுதுன்னு நீங்கதான சொன்னீங்க? பழுதுன்னா அமுக்குன்னு புக்குலயே போட்டிருக்கான். காலையில உங்கப்பா கட்டுன மஞ்சத்துணிய வேற தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு வந்திருக்கேன். ஒண்ணும் ஆவாது. ஓவர்.

— சார், அது பழுது இல்ல, நான் சொன்னது—

— கொளஞ்சி, நீ பேசாத. உன் வாயால வந்தா உன் சீட்டு போயிரும். கருப்புப் பொத்தான் இதுதான?

— யப்பா, அது ஊருக்கே கேக்கும்!

— தம்பி, பட்டன்லேருந்து கைய எடுங்க. கொளஞ்சியோட அப்பன் பிச்சமுத்து பேசறேன். நீங்க கண்ணுல ஒத்திக்கினது சாமி இல்ல, லோடு கயிறு. நான்தான் கட்டுனேன், எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கைக்கொழந்தக்காரராச்சேன்னு உங்க வண்டிக்கி மட்டும் ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். ஓவர்.