அட்டையில் எழுதியபடி

பேரம் பேசுகிற வாடிக்கையாளர்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பேரம் பேசுகிறார் என்றால் பொருள் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முகத்தைச் சுளிப்பார், நூலை இழுத்துப் பார்ப்பார், "இதுக்கா இந்த விலை?" என்பார், வாசல்வரை போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார். அதெல்லாம் ஒரு மரியாதை. என் அப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லோரும் துணி வியாபாரிகள். எங்கள் வீட்டில் குழந்தை சோறு வேண்டாம் என்றால்கூட "சரி, பாதியாவது சாப்பிடு" என்று ஆரம்பித்து முக்காலில் முடிப்பார்கள். அப்படி வளர்ந்தவன் நான்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு கேள்விக்கு. "இது மெஷின்ல போட்டதுதானே?"

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் சார். முதல் என்றால் அந்தக் கேள்விதான்.

என் கடையில் கையால் செய்த பரிசுப் பொருட்கள் மட்டுமே விற்பேன். பெயரின் முதலெழுத்தைப் பூவேலை செய்த கைக்குட்டை, பிறந்த குழந்தைக்குத் தலையணை உறை, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பை, காகிதத்தை மெல்லிய பட்டைகளாக வெட்டிச் சுருட்டி ஒட்டிய வாழ்த்து மடல். கடை கீழே. மாடியில் ஜன்னலோரம் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றையும் செய்பவள் அவள் ஒருத்திதான். விற்பவன் நான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவளைப் பொடிசு என்போம். முப்பத்தாறு வயதிலும் பொடிசுதான். அம்மா போகிற நேரத்தில் அவள் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பிடித்த கையை நான் விடவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொடிசின் வேலையில் ஒரே ஒரு குறை. அதில் குறையே இருக்காது. துணியைத் திருப்பினால் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கும். முடிச்சு தெரியாது, நூல் தொங்காது. ஐம்பது இலை தைத்தால் ஐம்பதும் ஒரே அளவு. திருப்பிப் பார்க்கிறவர் உதட்டைப் பிதுக்குவார். எதிர்க்கடையில் மெஷின் பூவேலை கால் விலைக்குக் கிடைக்கும். கைவேலை என்றால் கொஞ்சம் கோணல் வேண்டும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தவளைத்தான் உலகம் சந்தேகப்படும்.

ஒருநாள் மாடிக்குப் போய்க் கேட்டேன். "பொடிசு, ஒண்ணு ரெண்டு தையலைக் கொஞ்சம் கோணலாப் போடேன்."

அவள் தலை நிமிரவில்லை. "வீட்டுல ஒரு கோணல் போதும்ண்ணா. அது கீழ கல்லாவுல உக்காந்திருக்கு."

அவளுக்கு வாய் அப்படித்தான். ஊசியைவிடக் கூர்மை.

அவள் கண்ணில் ஒரு வியாதி இருந்தது. உள்ளே நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வலிக்காது. பக்கவாட்டுப் பார்வை முதலில் போகும், நடுப்பார்வை கடைசியில். கண் டாக்டர் தெளிவாகவே சொன்னார். "போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. நிறுத்தினீங்கன்னா, இவங்களுக்கு இருக்கிற அழுத்தத்துக்கு ஒரு வருஷம் தாங்கினா பெரிசு." டாக்டர்கள் பேசும்போது பலரும் பாதியைத்தான் காதில் வாங்குவார்கள். நான் இரண்டு பாதியையும் வாங்கிக்கொண்டேன்.

தானே சொட்டு விட்டுக்கொள்ள அவளுக்கு வராது, இமை மூடிக்கொள்ளும். நான்தான் விடுவேன். நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் மெதுவாக இழுத்து, ஒரு சொட்டு. அந்த மருந்து கண்ணிலிருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்குமாம். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வாள். "கண்ணுல ஊத்தினா தொண்டை கசக்குது பாரு. சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி. எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியும்னு சொல்ல முடியாது" என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம்.

இப்படி இரண்டு வருடம் ஒழுங்காகப் போயிற்று.

பிறகு அந்தத் தலையணை உறை. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று ஓர் அம்மாள் வந்தார். இருபது நாள் வேலை அது. ஓரமெல்லாம் சின்னச் சின்ன வாத்துகள். திருப்பிப் பார்த்தார். "மெஷின்தானே இது?" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்வி மூன்றாவது தடவை. என் வாய் தானாகத் திறந்தது.

"செஞ்சவளுக்குக் கண் தெரியாதும்மா."

அந்த அம்மாள் உறையை மேசையில் வைத்தார், ஏதோ தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல். விலை கேட்கவில்லை. குறைக்கச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அட்டையில் போட்டிருந்த முழு விலையை ஒருவர் அப்படியே கொடுத்ததை என் பரம்பரையிலேயே அன்றுதான் பார்த்திருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

மறுநாளிலிருந்து எல்லாப் பொருளிலும் புது அட்டை கட்டினேன். "கண் தெரியாத ஒரு பெண் கையால் செய்தது." அதற்குப் பிறகு ஒருவர்கூடத் துணியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பொடிசு ஒருநாள் கத்தரிக்கோல் தேடிக் கீழே வந்தவள் அட்டையைப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். "ஓ, நான் இப்ப குருடியா? சரி, உன் சட்டையைக் கழட்டாம இரு, பட்டன் தெச்சுத் தர்றேன். தொப்புளோட சேர்ந்து வந்தா என்னைக் கேக்காத." பிறகு சிரிப்பு நின்றது. "எடுத்துடுண்ணா. அப்படிச் சொல்லக் கூடாது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

எடுத்தேன். அவள் கீழே வருகிற நாட்களில் மட்டும். பிறகு அவள் படித்துவிடுவாள் என்கிற தொல்லை இல்லாமல் போயிற்று.

புது அட்டை கட்ட ஆரம்பித்த சமயத்தில்தான் கம்பெனி அம்மா வந்தார். ஒரு பெரிய கம்பெனியில், ஊழியர்கள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருதடவை பரிசு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு அவருடையது. கைக்குட்டை, வாழ்த்து மடல் எல்லாம் ஒரே ஆர்டர். ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். உடம்பு சரியில்லை என்றேன். "பரவாயில்ல. இந்த வருஷம் உங்க வார்த்தையை நம்பி வாங்கிக்கிறேன். அடுத்த வருஷம் நானே வந்து அவங்களைப் பார்த்து, கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்" என்றார்.

ஒரு வருஷம். நான் உட்கார்ந்து யோசித்தேன் சார், அவசரப்படவில்லை. எங்கள் அப்பா வாடிக்கையாளரை ஏமாற்றியதில்லை. அட்டையில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்று இருந்தால் அது வியாபாரம் இல்லை, திருட்டு என்பார். அட்டையும் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வழி இரண்டுதான். அட்டையை மாற்றலாம். இல்லை, சரக்கை மாற்றலாம். அட்டையை மாற்றினால் மறுபடியும் அந்தக் கேள்வி. "இது மெஷின்ல போட்டதுதானே?" அதைக் கேட்டு எத்தனை தடவை அவள் முகம் வாடியிருக்கிறது தெரியுமா? அந்தக் கேள்வியிலிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு சில வாரம் கழித்து, ஒரு காலையில் அவள் சொன்னாள். "இப்பல்லாம் கசக்கிறதே இல்லண்ணா."

"புது மருந்து. கசப்பை எடுத்துட்டாங்களாம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. சர்க்கரை மிச்சம்." குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். அவள் சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம்தான்.

டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தேன். மருந்துக் கடைக்கு எப்போதும் நான்தான் போவேன், அதனால் அங்கே ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலை ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. ஒரு வேளைகூட நான் தவறவில்லை. காய்ச்சலோடு படுத்த அன்றுகூட எழுந்து போய் விட்டேன்.

ஆறாவது மாதம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். மேசை ஓரத்தில் வைத்த கத்தரிக்கோல் தெரியாமல் போயிற்று. பிறகு நூல் கோக்க முடியவில்லை. காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது பத்து ஊசியில் நான் கோத்து வைத்துவிடுவேன். "அண்ணா, இது பச்சையா, நீலமா?" என்று கேட்பாள். சரியாகச் சொல்வேன். ஒருதடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. அவள் என்னை நம்பிக் கேட்கிறாள், மாற்றிச் சொன்னால் அது பாவம்.

இலைகள் சின்னதும் பெரிதுமாக வந்தன. வாத்து ஒன்று தலைகீழாக நீந்தியது. விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு பிரிக்கப் பார்ப்பாள். அதற்குமுன் நான் வாங்கிக்கொண்டு கீழே போய்விடுவேன். அந்தக் கோணலுக்குக் கடையில் இருந்த மதிப்பு உங்களுக்குச் சொன்னால் புரியாது. சிலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வெயிலின் சூட்டை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் சொன்னாள், "மருந்து விட்டும் இப்படி ஆயிடுச்சே. ஒரு வேளைகூட நாம தவறலையே." நாம என்றாள். அன்றைக்குக் கடையை ஒரு மணி நேரம் முன்னாடியே சாத்திவிட்டேன். நானும் மனுஷன்தானே சார்.

சொன்னபடி கம்பெனி அம்மா அடுத்த வருஷம் வந்தார். மாடிக்குக் கூட்டிப் போனேன். பொடிசு கையை நீட்டினாள், அவர் இருந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி. "வாங்கம்மா. என்னைப் பாக்க வந்தீங்களாம். பாத்துக்கோங்க, திருப்பிப் பாக்க என்னால முடியாது" என்றாள். அந்த அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. போட்டோ எடுத்தார்கள். என் அட்டையில் இருந்த ஒவ்வோர் எழுத்தும் அன்றைக்கு உண்மை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

ஆனால் இரக்கம் இருக்கிறதே, அது போட்டோவோடு நிற்பதில்லை. பெரிய கண் டாக்டர் ஒருவரைத் தெரியும், கம்பெனி செலவில் காட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் என்றேன். அவளுக்குப் பயணம் ஆகாது என்றேன். எத்தனையோ பேரை வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிட்டவன் நான், அந்த அம்மாவை ஓர் அடி நகர்த்த முடியவில்லை. "நாளைக்குக் கார் அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெரிய டாக்டர் அவள் கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். கையில் எங்களுடைய பழைய மருந்துச் சீட்டு. பொடிசின் பெட்டியில் இருந்ததை அந்த அம்மாவே தேடி எடுத்து வந்திருக்கிறார். "மருந்து ஒழுங்கா விட்டீங்களாம்மா?"

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டர். அண்ணன்தான் விடுவார். அவருக்குக் கடைகூட அப்புறம்தான்."

டாக்டர் அவள் கண்ணில் ஒரு சொட்டு விட்டார். அவள் எச்சில் விழுங்கினாள். பிறகு மறுபடியும் விழுங்கினாள்.

"இது எந்த மருந்து டாக்டர்?"

"உங்க சீட்டுல இருக்கிற அதே மருந்துதாம்மா. இத்தனை வருஷமா மாறவே இல்லையே."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். சரியாக என் பக்கம். பார்வை இருந்த காலத்தில்கூட அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"கசக்குதுண்ணா" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. திரும்பி வரும்போது காரில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். புகாரில் அவளே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னீர்கள். கையெழுத்து கோட்டை விட்டு விலகியிருக்காது என்று நினைக்கிறேன்.

நேற்று நீங்கள் அவளை இங்கே அழைத்து வந்தீர்கள். நான் நாற்காலியை இழுத்துப் போடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நின்றபடியே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். அந்தச் சீசாவுல என்ன இருந்தது?"

அவள் இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அதை டாக்டர் சொல்லிவிட்டார், அவளுக்கும் தெரியும். கேட்க எத்தனையோ இருக்க, இதைக் கேட்டாள். நான் ஏதோ கண்டதையும் அவள் கண்ணில் ஊற்றியிருப்பேன் என்று நினைத்துவிட்டாளே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. பதில் வரவில்லை. அவள் போய்விட்டாள். அதனால்தான் இன்றைக்கு உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆமாம் சார், பதினாலு மாதம், காலையும் சாயங்காலமும், மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர்தான் விட்டேன். அவள் பார்வை போக வேண்டும் என்று தெரிந்தேதான் விட்டேன். ஆனால் வெறும் தண்ணீர் என்று எழுதிவிடாதீர்கள். கொதிக்கவைத்து, ஆறவைத்து, புது வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டிய தண்ணீர். கூடப் பிறந்தவள் கண்ணில் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.