நாலாவது கியர்

டர்போ கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு டர்போ என்றால் என்னவென்று தெரியாது, சார். ஏதோ கூடுதல் சமாசாரம், பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லாதது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மச்சான் கனகராஜும் அப்படித்தான் நினைத்தார்.

உட்காருங்கள், ஷாஹுல் ஹமீது சார். காபி ஆறுகிறது. இன்சூரன்ஸ் விசாரணைக்கு இது மூன்றாவது தடவை வருகிறீர்கள். முதல் இரண்டு தடவையும் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டீர்கள். ஒரு கோளாறும் இல்லை என்றேன், அது சத்தியம். இன்றைக்குத்தான் இந்த வண்டியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கிறீர்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கிண்டி தொழிற்பேட்டையில் இன்ஜின் சோதனை பார்த்துக்கொண்டிருந்தவன். புஷ்பத்தைக் கட்டிய மறுமாதமே அவள் அண்ணன், "கம்பெனி வேலை எதுக்கு மாப்ள, நம்ம கடை இருக்கையில?" என்றார். தி.நகரில் அவ்வளவு பெரிய ஜவுளிக்கடை. மரியாதை என்று நினைத்து வந்துவிட்டேன். கடை வாசலில் அவர் காரை எடுப்பதும் நிறுத்துவதும் சர்வீஸுக்கு விடுவதும்தான் என் உத்தியோகம் என்று போகப் போகத் தெரிந்தது.

மச்சானின் இந்த வீட்டில் எங்கள் அறை மூன்றாவது மாடி. வெளியே போக இந்தக் கூடத்தைத் தாண்டியாக வேண்டும். இதோ, இந்த நாற்காலியில்தான் மச்சான் உட்கார்ந்திருப்பார். சவர பிளேடு வாங்கப் போனாலும், "எங்க மாப்ள?" பன்னிரண்டு வருஷம் பதில் சொன்னேன்.

அடையாறில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்தேன். கிழக்கே பெரிய ஜன்னல். சாவி கைக்கு வந்த அன்று சாயங்காலத்துக்குள் மச்சானுக்குத் தகவல் போய்விட்டது. சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "தங்கச்சியத் தனியா விட எனக்கு மனசு வரல மாப்ள" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அடித்திருந்தால் போலீசுக்குப் போகலாம். அன்பு காட்டுகிறவரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

மாடிக்கு வந்து புஷ்பம் அழுதாள். "எப்படியாச்சும் என்னய இங்கருந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். சரி என்றேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

பழைய கார் ஓய்ந்தபோது மச்சான் என்னைக் கூப்பிட்டார். "டர்போங்கான், சூப்பர்சார்ஜருங்கான், ஒண்ணும் வெளங்கல. நீருதான் இதெல்லாம் படிச்சவரு. எது நல்லதுன்னு சொல்லும்." அந்த வீட்டில் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சொன்னேன். டர்போ இல்லாத இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும், மிதித்த அளவுக்கு உடனே ஓடும். சூப்பர்சார்ஜர் காற்றை உள்ளே திணிக்கும். அதை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுவதால் கொஞ்சம் சக்தியைத் தின்னும், ஆனால் காக்க வைக்காது. நம் ஊரில் அது கிடைப்பது அபூர்வம். டர்போவும் காற்றைத் திணிப்பதுதான், வெளியேறுகிற புகை அதைச் சுற்றும். சின்ன இன்ஜினிலேயே பெரிய இழுவை, பெட்ரோலும் மிச்சம். இவ்வளவும் சொன்னேன்.

புகை சேர்ந்து அது வேகம் பிடிக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கியரைக் குறைத்துவிட்டு மிதிக்கிறவர்களுக்கு அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. மச்சான் கியரைக் குறைக்க மாட்டார். குறைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு நாலாவது கியரிலேயே போவார், எதிரே ஒரு சின்ன இடைவெளி கிடைத்ததும் அப்படியே மிதிப்பார். பழைய வண்டி, பெரிய இன்ஜின், ஒன்று என்று நான் எண்ணி முடிப்பதற்குள் தாவிவிடும். எனக்குப் பன்னிரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் வேறு வேலை இல்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

புது வண்டியை வாங்குமுன் நான் ஓட்டிப் பார்த்தேன். நாலாவது கியர், லாரி வேகம், அப்படியே மிதித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அதன் பிறகுதான் பாய்ந்தது. நல்ல வண்டி.

"பிக்அப் எப்படி மாப்ள?" என்றார். "பிரமாதமாக இருக்கும் மச்சான்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

ஒரு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டினார். உஸ்மான் ரோட்டில் யார் யாரை முந்த முடியும்? அதன் பிறகு வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாணம். திண்டிவனம் தாண்டினால் ஒற்றை ரோடு, லாரிகள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மச்சான் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு.

காலையில் புஷ்பம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். "அண்ணன் தனியாப் போகுது, நானும் போயிட்டு வந்துருதேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொள்ள அவளுக்கு எப்போதும் நேரமாகும், அந்த வார் சரியாக உட்காராது. அவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றேன். போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் அண்ணனிடம் ஓடியிருப்பாள். அப்புறம் என்னை ஒரு நாளும் வெளியே விட்டிருக்க மாட்டார்கள்.

முன் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை நானே போட்டுவிட்டேன். "கஞ்சி வச்சிருக்கேன், குடிங்க" என்றாள்.

லாரியை முந்தும்போது எதிரே இன்னொரு லாரி. மற்றதெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் மச்சான் மனைவி லாவண்யா கடைச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இனிமே நீங்கதான் எல்லாம் பாக்கணும். எங்கள விட்டுட்டுப் போயிராதீங்க" என்று அழுதாள். இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். இப்போது கடைக்குப் போனாலும் வந்தாலும் அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க போறீக?" என்கிறாள். அடையாறு வீட்டுச் சாவி மச்சானின் பையில் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே யாரோ குடிவந்துவிட்டார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். தெரிந்துதான் வாங்கிக் கொடுத்தேன், தெரிந்துதான் அனுப்பிவைத்தேன். எந்த வார்த்தையை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். புஷ்பத்துக்காகத்தான் செய்தேன் என்பதை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள்.