ஆறு பல் தடம்

இல்ல இல்ல, பேசப் பாக்காதீங்க சார். வாயில கட்டை வச்சிருக்கேன், மூட வராது. உதடு மரத்துப்போச்சா? தலையை மட்டும் ஆட்டுங்க. ஆங், நல்லது. லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கறேன்.

உள்ள வரும்போது கேட்டீங்களே, ஆமா, சுவத்துல இருக்கறது என் போட்டோதான். கோர்ட் வாசல்ல எடுத்தது. கழட்டிடலாம்னு பத்து தடவை நினைச்சிருப்பேன், கை வரல. துணிக்கடைப் பொண்ணு கொலை கேஸ். பதினோரு வருஷமாச்சு. ஞாபகம் இல்லையா? சரி, விடுங்க.

இருபத்திரண்டு வயசு சார் அவளுக்கு. கடை சாத்தற நேரமாப் பாத்து எவனோ உள்ள புகுந்து, இஸ்திரிப் பெட்டி ஒயரால கழுத்தை இறுக்கியிருக்கான். ஒயர் தோலைக் கிழிச்சு உள்ள இறங்கியிருந்துச்சு. நகமெல்லாம் பேந்து கிடந்துச்சு, அவ்வளவு போராடியிருக்கா. தோள்ல ஒரு கடி. மேல்வரிசை முன்பல்லு ஆறும் பதிஞ்சு ரத்தம் கட்டிப்போச்சு. போலீஸ்காரங்க அந்தப் போட்டோவைக் கொண்டாந்து, இது யார் பல்லு டாக்டர்னாங்க. நூறு பேரோட பல் அச்சைக் குடுத்துட்டு, இதுல எதுன்னு கேட்டா அது வேற. கொண்டாந்தது ஒரே ஒரு அச்சு. பக்கத்துக் கடை மோட்டார் மெக்கானிக்கோடது. கொலைக்கு முந்தின நாள் அவகூட சண்டை போட்டானாம்.

எப்படிப் பாப்போம்னா, அச்சுல இருக்கற பல்லைக் கண்ணாடித் தாள்ல வரைஞ்சு, அதைக் கடி போட்டோ மேல வச்சு நகர்த்துவோம். நகர்த்தினேன். நாலு பல்லு கச்சிதமா உக்காந்துச்சு. ரெண்டு உக்காரல. தோல் என்ன பலகையா சார்? திமிறினா இழுபடும், வீங்கும். அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். சேந்துச்சுன்னா அவன் பல்லு, சேரலேன்னா தோல் மேல பழி. இதுல யாராவது தப்பிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க? அது அன்னைக்கு மண்டையில ஏறல. கூண்டுல ஏறி, சந்தேகமே இல்ல, இவன்தான்னு அடிச்சுச் சொன்னேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பாத்தார். எனக்கு ஒரே பெருமை.

தண்டனை கிடைச்சு மூணாம் வருஷம் அவனை ஜெயிலுக்குள்ளயே கொன்னுட்டாங்க. சுவத்துல மோதி மோதியே மண்டையைப் பொளந்துட்டாங்க சார். அதுக்கு அடுத்த வருஷம் யாரோ ஒரு வக்கீல் விடாம அலைஞ்சு, அந்தப் பொண்ணு சட்டையில கடிச்சவன் விட்ட எச்சிலைப் புதுசா சோதனை பண்ண வச்சார். மெக்கானிக்கோடது இல்ல. யாரோடதுன்னும் தெரியல.

மெக்கானிக்கோட பொண்டாட்டி இங்க வந்தா. கத்துவா, கையில கிடைச்சதை எடுத்து அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். நிச்சயமாத் தெரியும்னீங்களே டாக்டர், எப்படித் தெரிஞ்சுதுன்னு மட்டும் கேட்டா. அவளுக்கு ஒரு பதில் சொல்லியாகணும் இல்ல? அன்னையிலருந்து இங்க வர்றவங்க வாயில எல்லாம் அந்தக் கடியைத்தான் தேடறேன். இடது சிங்கப்பல்லு லேசாத் திரும்பியிருக்கும், முன்பல்லு ஓரத்துல ஒரு சில்லு பேந்திருக்கும்.

ஏன் சார் அப்படி முழிக்கிறீங்க? உங்களுக்கும் இருக்கே, தெரியாதா? போன வாரம் பல்லு மேல கேப் போடணும்னு அச்சு எடுத்தேன் இல்ல, நேத்து மத்தியானம் அதை வரைஞ்சு போட்டோ மேல வச்சேன். அஞ்சு பல்லு அப்படியே உக்காந்துச்சு. ஒண்ணுதான் சேரல. பதினோரு வருஷத்துல பல்லு நகராதா என்ன?

கையைத் தூக்கப் பாக்காதீங்க, வராது. ரெண்டாவதா கையில போட்டேனே, அந்த ஊசி பல் வலிக்கு இல்ல. மரத்தது உதடு மட்டும்தான், மத்த இடத்துல வலி தெரியும். அவளுக்குத் தெரிஞ்சுது இல்ல? நர்ஸம்மாவுக்கு இன்னைக்கு லீவு குடுத்துட்டேன், வாசக்கதவும் பூட்டியாச்சு. முதல்ல இந்த ஆறையும் பிடுங்கிடறேன், மத்தது அப்புறம்.

என்ன முனகறீங்க, எச்சிலை எடுத்துச் சோதிக்கச் சொல்றீங்களா? எனக்கு எதுக்கு சார் எச்சில்? முப்பது வருஷமா பல்லு பாக்கறேன்.

அழாதீங்க, மூக்கு அடைச்சுக்கும். கண்ணாலயே இல்ல இல்லங்கறீங்க, புரியுது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இப்படித்தான் இதே நாற்காலியில படுத்துக்கிட்டு இல்ல இல்லன்னாங்க. அப்பவும் எனக்குச் சந்தேகமே இல்ல. பாவம், அவங்க ரெண்டு பேரும் இல்லன்னு உங்க பல்லைப் பாத்தப்புறம்தான் சார் எனக்கே தெரிஞ்சுது.