தக்காளிப் பவுடர் மெஷின் விற்பனைக்கு

...அட, துரு இல்ல சார் அது, தக்காளிக் கறை! ஒரு வருஷமா ஓடாம கெடந்தா இப்பிடித்தான் காயும். சரி... கொஞ்சம் துருவும் இருக்கலாம். மெஷின் வாங்க வந்தவர்கிட்ட பொய் சொல்லக் கூடாது.

உக்காருங்க, டீ ஆறிடப் போகுது. இத ஏன் வாங்குனேன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். உணவு பதப்படுத்தற தொழில்ல முதலீடு எங்க போகுதுன்னு ஒரு கருத்தரங்கு. ஏசி ஹாலு. கோட்டு போட்ட ஒருத்தர் திரையில அம்புக்குறி ஒண்ணு காட்டுனாரு பாருங்க... அப்பிடியே மேல போகுது! ‘இனிமே அஞ்சு வருஷத்துக்குப் பவுடர்தான்’னாரு. சாப்பாட்டு டோக்கனக் கூட மறந்துட்டுக் கை தட்டுனேன்.

அப்ப இந்த ஷெட்டுல என் சம்சாரம் மூணு அடுப்பு வெச்சு ஜாம் கிண்டிட்டு இருந்தா. கடைக்காரங்க வாசல்ல வந்து காத்து நிப்பாங்க. ‘உலகம் எங்கயோ போயிட்டு இருக்கு, நீ இன்னும் கரண்டியும் கையுமா இருக்கியே’ன்னு அடுப்பத் தூக்கிக் கொல்லையில போட்டேன். நாந்தான் சார். இந்தக் கையாலதான்.

அதோட விட்டனா? இந்தத் தெருப் பட்டறைக்காரங்க சங்கத்துக்கு நாந்தான செயலாளர்! தெருவுல ஒரு பட்டறை விடாம ஏறி எறங்கி அம்புக்குறி வரஞ்சு காட்டுனேன். பிஸ்கட்காரர் வாங்குனாரு, நூடுல்ஸ்காரர் வாங்குனாரு, ஐஸ்காரர் கூட வாங்குனாரு! பதினோரு பேரு, ஆளுக்கொண்ணு, எல்லாம் இதே மெஷின். தக்காளி வெல கூரை மேல ஏறிக்கிச்சு, பவுடர் வெல தரையில படுத்துக்கிச்சு. இப்ப ஒருத்தருக்கொருத்தர் சாம்பிள் பாக்கெட் குடுத்துக்கறோம்.

போன மாசம் அதே ஹாலு, அதே கோட்டு, அதே அம்புக்குறி. ‘பவுடர் முடிஞ்சுது, இனிமே உறைய வெச்ச பழந்தான்’ங்கறாரு! பதினோரு பேரும் கை தட்டுனாங்க சார். நானும்... தட்டுனேன். பழக்கம்.

சம்சாரம் தீர்மானமாச் சொல்லிட்டா. ஞாயித்துக்கெழமைக்குள்ள மெஷின் வெளிய போகணும், அடுப்பு உள்ள வரணும். இல்லன்னா அவ தம்பியோட ஜாம் கம்பெனிக்கே வேலைக்குப் போறாளாம். பைய வேற கட்டி வெச்சிருக்கா. அவ போயிட்டா நான் யாரோட பேசுவேன்?

காலையில கூட சொன்னா, ‘வர்றவருக்கு சுவிட்ச மட்டும் போட்டுக் காட்டுங்க, வாயத் தொறக்காதீங்க. அஞ்சு பேரப் பேசியே வெரட்டுனது போதும்’னு. நான் என்ன அப்பிடிப் பேசற ஆளா? இருங்க, திரும்பி நின்னு சுவிட்ச் போடறேன். கொஞ்சம் பொகை வரும், கருகுன நாத்தம் வரும், பயப்படாதீங்க. போன தடவை பக்கத்துப் பட்டறைக்கும் சேத்து கரண்டு போச்சு... அதையும் இப்பவே சொல்லிட்டா பின்னாடி பிரச்சினை இல்ல பாருங்க...

சார்? டீ அப்பிடியே இருக்கே, ஆளக் காணோமே... சார்!

என்னம்மா? வந்தாரு, வந்தாரு... இப்பத்தான்... இல்லம்மா, நான் வாயே தொறக்கல! ஏய், அந்தப் பைய ஏன் எடுக்கற? இன்னும் ஞாயித்துக்கெழம வரலியே!