சிவப்பு விளக்கு எரியவில்லை

சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவதுகூட எனக்குச் சலிப்பான வேலை. அதனால்தான் பேட்டரியே வேண்டாத ரேடியோ செய்கிறேன் என்று ஃபீபி கேலி செய்வாள். "சோம்பேறிங்களுக்குத்தான் இந்த மாதிரி மூளை வேலை செய்யும்."

ஃபீபி என் மனைவி. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியின் லேபில் வேலை. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஏணியில் இறங்கி மாதிரி எடுப்பாள். அங்கே விஷவாயு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். ஜாஸ்தியானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது.

அவளுக்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தேன். தொட்டிப் பம்பின் அதிர்விலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். வாயு கூடினால் ரேடியோவில் செய்தி அனுப்பும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீஸில் சிவப்பு விளக்கு எரியும்.

பம்பு நின்றால் கருவி ஊமை.

ஒருநாள் பம்பு அடைத்து நின்றது. இறங்கலாமா என்று சூப்பர்வைசர் அருணகிரியிடம் ஃபீபி கேட்டிருக்கிறாள். "செவப்பு எரியலயேம்மா, எறங்கு" என்றாராம். இறங்கியவள் உயிரோடு ஏறி வரவில்லை. விபத்து என்று முடித்துவிட்டார்கள். அடக்கத்துக்கு வந்த அருணகிரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கருவியைத் திருத்தினேன். பம்பு ஓடும்போதே கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும். இருப்பு குறையக் குறைய, மிச்சம் பிடிக்க ரேடியோ தன் குரலை, அதாவது சிக்னலின் வலுவை, தாழ்த்திக்கொள்ளும். பம்பை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் காட்டினேன், விளக்கு எரிந்தது. அருணகிரி கைதட்டினார். "இனிமே பேஜாரே இல்ல சார்."

கருவியைச் சரிபார்க்க நான் போயிருந்த ஒருநாள் மறுபடி பம்பு அடைத்தது. அருணகிரியே இறங்குவதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் ரேடியோவின் குரலை இன்னும் தாழ்த்தி வைத்தேன். கருவி வாயுவைக் கண்டது. சொல்லவும் செய்தது. அது சுவரைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். வேறெதையும் நான் தொடவில்லை.

"இன்னா சார், எறங்கலாமா?"

"சிவப்பு எரியலயே" என்றேன்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் கட்டாயம் வரவேண்டும் என்று ஏணியில் நின்றபடி சொன்னார். வருகிறேன் என்றேன். இறங்கினார்.

ஃபீபிக்கு அவர் சொன்ன வார்த்தையைத்தான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். கூடவும் இல்லை, கம்மியும் இல்லை.

முதன்முதலில் கருவியை மாட்டிய அன்று, சிவப்பு எரியாவிட்டால் இறங்கலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். பம்பு நின்றால் என்ன ஆகும் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.