கற்பூரம் போன வழி

“ஐஸ் கரைஞ்சா தண்ணியாவது மிஞ்சும். கற்பூரம் கரைஞ்சிடுச்சுன்றியே, தண்ணி எங்கடி?”

பொன்னேரியிலிருந்து பெரியபாளையம் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டு மாமியார் மருமகளைக் கேட்டாள். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவள் மடியில் பிரித்துப் போட்டிருந்த மஞ்சள் துணியில் ஒன்றுமே இல்லை.

“எம் புள்ள படகு கரை வந்து சேரணும்னு பெரியபாளையத்து ஆத்தாளுக்கு நேந்துக்கினு, ஒரு வருஷமா முடிஞ்சு வெச்சது. பிரிக்கற வரைக்கும் போட்ட முடிச்சு அப்படியே இருந்திச்சு. நீதான் எடுத்துட்டுத் திரும்ப முடிஞ்சிருக்கே.”

“நான் தொடல அத்தை. அது தண்ணியாவாம அப்படியே காத்தாப் பூடும். அதான் நாலு மொளகு போட்டு வையுங்கன்னு சொன்னேன்.”

“கட்டியா இருந்தது காத்தாப் பூடுமா? ஆத்தா சாமானைத் திருடினவளை ஊட்ல வெச்சுக்க மாட்டேன். நாளைக்கே ஆரம்பாக்கத்துல உங்கம்மா ஊட்ல வுட்டுடறேன்.”

மருமகள் மாமியாரின் முந்தானையைக் காட்டினாள்.

“முடிச்சு உங்க டிரங்குப் பொட்டியிலதானே இருந்திச்சு? சாவி உங்க இடுப்புல. அதுலருந்து எடுத்துக் கட்டிக்கினு வந்த பொடவையை மோந்து பாருங்க.”

மாமியார் முந்தானையை மூக்கருகே கொண்டு போனாள். பின்னால் இருந்த எனக்கே, பஸ் ஏறினதிலிருந்து கற்பூர வாசனைதான்.

“அப்போ ஆத்தாளுக்கு இன்னாத்தடி ஏத்தறது?”

மருமகள் தன் பையிலிருந்து புதுக் கற்பூரப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மாமியார் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் அவள் பக்கம் திரும்பினாள்.

“துணியை இப்பத்தானே பிரிச்சேன். காலியா இருக்கும்னு உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?”