தலை தீபாவளிச் செலவு

காசு மிச்சம் பண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க மேடம். டீக்கடைக்குப் போகாம ஊட்லயே காப்பி வெச்சுக் குடிச்சா அதுலயே கொஞ்சம் நிக்கும். குழம்பைச் சித்தெ எச்சா வெச்சா ராத்திரிக்கும் அதையே ஊத்திக்கலாம். சோப்பு கரைஞ்சு சில்லாப் போனா தூக்கி எறியாம புதுச் சோப்பு மேல ஒட்டிக்கோணும். எங்க லைன் ஊட்டுப் பொம்பளைங்க ஞாயித்துக்கெழமை ஆனா பிரியாணி ஆர்டர் போடுவாங்க, தீபாவளி நோம்பி வந்தா வட்டிக்காரன் பின்னால ஓடுவாங்க. அவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும். என்ற பேரு தெய்வாத்தாள். எங்க ஊரு நெருப்பெரிச்சல்ல வந்து யாரை வேணாலும் கேளுங்க, ஒருத்தர்கிட்டயும் கைமாத்து கேட்டு நிக்காதவன்னுதான் சொல்லுவாங்க.

இந்த வருசம் எனக்குச் செலவு ஜாஸ்திங்க. என்ற மக கிருத்திகாவை வைகாசியில வெள்ளகோவில்ல கட்டிக் குடுத்தோம். அப்ப இது அவளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம் கல்யாணத்தன்னைக்கே போட்டிருக்கோணும். முடியாமப் போச்சு. தலை தீபாவளிக்கு ஊட்டுக்கு வரும்போது போட்டுர்றோம்னு வாக்குக் குடுத்துட்டோம். சம்பந்தியம்மா நல்லவங்கதான், ஆனா சிரிச்சுக்கிட்டே குத்துவாங்க. "மோதிரம் வர்ற வரைக்கும் எம்பையன் வெரலு சும்மாவே இருக்கட்டும் கண்ணு"ன்னு ஒறம்பரைக, சொந்தக்காரங்க எல்லாம் சாப்பிட உக்காந்திருக்கறப்பச் சொன்னாங்களாம். புள்ள போன்ல ஒரே அழுகை. "அம்மா, மோதிரம் இல்லைன்னா நாங்க நோம்பிக்கு வரவே இல்லை"ன்னுட்டா. பெத்த வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரர் செந்தில்வேல் நிட்டிங் மிஷின் ஓட்டறாரு. அவர் சம்பளம் வாடகைக்கும் வாய்க்கும் சரியாப் போயிரும். மோதிரம் என்ற பொறுப்பாப் போச்சுங்க.

ரெண்டு வேலை எடுத்தேன். ஒண்ணு பிசிறு வெட்றது. பனியன் தைச்சு வந்தா அங்கங்க நூல் தொங்கிட்டு இருக்கும், அதைச் சின்னக் கத்திரியில வெட்டி மடிச்சு அடுக்கோணும். காலைல ஆட்டோவுல பண்டல் வந்து எறங்கும், சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. பீஸுக்கு இவ்வளவுன்னு காசு. இன்னொண்ணு கொழந்தைங்களைப் பார்த்துக்கறது. நோம்பி நெருங்குனா கம்பெனியில ஒன்றரை ஷிப்ட்டு, ரெண்டு ஷிப்ட்டுன்னு ஓட்டுவாங்க. வெளியூர்ல இருந்து பொழைக்க வந்த பொண்ணுங்களுக்கு இங்க யார் இருக்கா? கொழந்தையை என்ற ஊட்ல விட்டுட்டு ஓடுவாங்க. நாலு கொழந்தைங்க இருந்துச்சு.

ஒரே நேரத்துல ரெண்டு வருமானம். நல்ல ரோசனைதானுங்க. ஆனா அதுக அழும், பண்டல் மேல ஏறும், வெட்டி அடுக்குனதைக் கலைக்கும். வெள்ளைப் பனியன்ல மூக்குச்சளி பட்டுட்டா கம்பெனிக்காரன் என்ற தலையிலதான் கட்டுவான். அதுலயும் கலைமகள் இருக்குதே, படு சுட்டி. ஒன்னரை வயசு. அவங்கம்மா வினிதா விருதுநகர்ப் பக்கம், ஓவர்லாக் மிஷின்ல தைக்கறவ, புருசன் விட்டுட்டுப் போயிட்டான். கலை ஒரு பனியனை எடுத்துத் தலையில தொப்பியாட்டம் மாட்டிக்கிட்டு என்னையப் பார்த்துச் சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வந்துரும். வேலை நின்னுரும்.

ஒருநா அதுக்கு நெசமாவே சளி. வினிதாதான் மருந்து பாட்டிலைக் குடுத்துட்டுப் போனா. ஊத்துனேன், மத்தியானம் பூராவும் தூங்குச்சு. அன்னைக்குத்தான் என்ற பண்டல் மொத தடவையா நேரத்துக்கு முடிஞ்சுது. மறுநா நானே மெடிக்கல்ல போயி ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தேன். சளி இல்லாத கொழந்தைக்கும் ஊத்துனேன். நாலுக்கும்தான். நான் ஓரவஞ்சனை பாக்கறவ இல்லீங்க.

அவங்கம்மாமாருக்கு ஒரே சந்தோசம். "உங்க கைராசிக்கா, எங்ககிட்டதான் இதுக அடம் பிடிக்குதுக"ன்னு சொல்லுவாங்க. அதுல தப்பு இருக்கறதா எனக்குப் படலீங்க. தூங்கற கொழந்தை கீழ விழுவாது, அடுப்புகிட்டப் போகாது, தெருவுல எறங்கி ஓடாது. வாங்கற காசுக்கு அதுகளைப் பத்திரமா வெச்சிருந்தேன்.

அன்னைக்குப் பண்டல் வழக்கத்தை விட எச்சா வந்துருச்சு. நோம்பிக்கு முன்னாடி கடைசி லாட்டு. அதை முடிச்சுக் குடுத்துட்டா மோதிரத்தை எடுத்துரலாம். மத்த மூணும் தூங்கிருச்சு. கலை மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு அடுக்கி வெச்சதை இழுத்துப் போட்டுச்சு. மறுபடியும் ஊத்துனேன். அதுக்கும் மசியலை. இன்னொருக்கா ஊத்துனேன். அப்பறம் தூங்கிருச்சு.

சோறு திங்கலாம்னு எந்திரிச்சப்பத்தான் பாத்தேன். உதடு நாவப்பழம் தின்னாப்பல இருந்துச்சு. ஒரு மூச்சு வந்துது, அடுத்தது வர்றதுக்கு வெகு நேரம் ஆச்சு. கன்னத்தைத் தட்டுனேன், கண்ணு தொறக்கலை. எனக்குத் தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன் மேடம். தெரிஞ்சுதுங்க. தூக்கிட்டு ஓடலாம்னு தூக்கக்கூடச் செஞ்சேன். ஓடுனா பண்டல் முடியாது. என்ன குடுத்தேன்னு டாக்டர் கேப்பாரு. மத்த மூணையும் யார்கிட்ட விடறது. திரும்பப் படுக்க வெச்சுட்டு வந்து கத்திரியை எடுத்தேன். லாட்டு முடிஞ்சுது. ஆட்டோ வந்து ஏத்திட்டுப் போச்சு. அப்பவும் அதுக்கு மூச்சு இருந்துச்சுங்க.

பொறகு வெதுவெதுன்னு தண்ணியில மொகம் தொடச்சு, பவுடர் போட்டு, பொட்டு வெச்சு, வாய் வரைக்கும் போர்வையில சுத்தி வெச்சேன். வினிதா ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா. அவளால நிக்கவே முடியலை, செவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"தூங்கிருச்சாக்கா?"

"இப்பத்தான் கண்ணு தூங்குச்சு. சளி எறங்கியிருக்குது, போர்வையை எடுத்துறாதே. விடியற வரைக்கும் எழுப்பாதே."

அவ தோள்ல நான்தான் போட்டு விட்டேன். "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னக்கா செய்வேன்"னு சொல்லிட்டு அலுங்காம நடந்து போனா. விடிஞ்சப்ப அவ கத்துன கத்து லைன் பூராவும் கேட்டுச்சு.

போலீஸ்காரங்க நீங்க மொதல்ல அவளைத்தான் புடிச்சுக் கேட்டீங்க. பக்கத்துலயே படுத்திருந்தும் எனக்குத் தெரியலையேன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. நான்தான் அவளைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன், சோறு பெசஞ்சு ஊட்டி விட்டேன். என்ற ஊட்ல நீங்க மூலையில கெடந்த பழைய சாமான் சாக்கை அவுத்துப் பாட்டிலுங்களைப் பார்க்கற வரைக்கும் நான் வாயத் தொறக்கலை. வெத்துப் பாட்டிலை அப்பவே குப்பையில போட்டிருக்கலாம். பழைய சாமான்காரன் எடுத்துக்குவானேன்னு சேத்து வெச்சிருந்தேன். சும்மா தூக்கிப் போட மனசு வரலீங்க.

ஆட்டோ போன பின்னாலயாவது ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலைன்னு கேக்கறீங்க. ஏன் விடியற வரைக்கும் எழுப்ப வேண்டாம்னு சொல்லி அனுப்புனேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதானுங்க. அது பொழைக்காதுன்னு எனக்குப் பட்டுருச்சு. பொழைக்காததை ஊட்ல வெச்சிருக்க முடியுமுங்களா? நோம்பி நேரத்துல சாவு விழுந்த ஊட்டுக்குப் புது மாப்பிள்ளையை அனுப்புவாங்களா? சம்பந்தியம்மா ஒரு காலத்துலயும் அனுப்ப மாட்டாங்க. என்ற புள்ளையோட தலை தீபாவளி அதோட போச்சு. போறது அவங்கம்மா ஊட்ல போகட்டும்னுதான் குடுத்து அனுப்புனேன்.

நான் நெனைச்சபடியே ஆச்சு. என்ற ஊட்ல ஒண்ணுமே நடக்கலீங்க மேடம். கிருத்திகாகிட்ட நீங்களே ஒரு போன் பண்ணி அதைச் சொல்லீருங்க. ஊடு சுத்தமாத்தான் இருக்குது, மாப்பிள்ளையைக் கூட்டிட்டுத் தைரியமா வரச் சொல்லுங்க.